சுருக்கப் பதிப்பா, முழுப் புத்தகமா? வாசிப்பு விட்டுப்போனவர்களுக்கு

ஊரில் ஒரு கல்யாணம், ஒரு சாந்திக் கல்யாணம் என்று உறவுகள் கூடினால், சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாலைத் திண்ணையில் சாயும் நேரத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிப்போம். இப்ப ரெண்டு பக்கம் தாண்டுறதுக்குள்ள போன் கைக்கு வந்துருது." சொல்கிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, அட்டையில் பெயர் எழுதி வைத்தவர்கள்.

சமீபத்தில் அப்படிப் பேசிய ஒரு தம்பி, சிங்கப்பூர் திரும்புவதற்கு முன் "பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் வாங்கிட்டுப் போறேண்ணே" என்றார். அவருடைய ஆச்சி உள்ளே இருந்தபடியே பதில் கொடுத்தார்: "போன வருசம் வாங்குன அஞ்சும் இங்க உறை பிரிக்காமக் கெடக்கு. அதையும் சேத்து எடுத்துட்டுப் போ."

நான் அவரிடம் சுருக்கப் பதிப்பு ஒன்று வாங்கச் சொன்னேன். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். 1919-ல் பாரதி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து பாடிவிட்டுப் போன காரைக்குடி. இங்கே உட்கார்ந்து சுருக்கம் படி என்று சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

ஆனாலும் அதையேதான் சொல்வேன். படிக்கும் பழக்கம் விட்டுப்போனவருக்கு முதலில் வேண்டியது ஒரு புத்தகத்தை முடித்துக் கீழே வைப்பது. ஐந்நூறு பக்கத்துக்குள் இருக்கும் ஒரு நல்ல சுருக்கம் அதைச் சாதித்துக் கொடுக்கும். எந்தப் புத்தகத்தின் சுருக்கம், யார் சுருக்கியது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சுருக்கம் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட நான்-டீடெயில். பெரிய ஆங்கில நாவலை நூறு பக்கத்துக்குள் அடைத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் கேள்விகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பரீட்சையில் ஒரு பத்தி எழுத அது போதும். அந்தக் கதையின் மனிதர்கள் யாரும் மனசில் தங்கவில்லை. அந்தக் கசப்பை எல்லாச் சுருக்கங்கள் மேலும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

நம் மரபில் சுருக்குவது குற்றமாக இருந்ததே இல்லை. லட்சம் சுலோகம் என்று சொல்லப்படும் வியாச பாரதத்தை வில்லிபுத்தூரார் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டில் பாடி, பதினெட்டாம் நாள் போரோடு நிறுத்திக்கொண்டார். அது போதாது என்று நினைத்த நல்லாப்பிள்ளை, பின்னால் வந்து வில்லியின் பாட்டுகளையும் உள்ளே வைத்துக்கொண்டு பதினாலாயிரத்துக்குப் பெருக்கினார். இன்றைக்குத் தமிழில் பாரதம் என்று மேடையில் பாட்டு எடுத்துச் சொல்பவர்கள் யாரிடம் போகிறார்கள்? வில்லியிடம்தான்.

சரி, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் முழுப் புத்தகம்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சேர்ந்தால் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும். நாளைக்கு இருபது பக்கம் என்று வைத்தாலும் மூன்று மாதம் தாண்டிவிடும். பழக்கத்தில் இருப்பவருக்கு இது ஒரு சுகமான மூன்று மாதம். விட்டுப்போனவருக்கோ அந்த இருபது பக்கம் முதல் வாரத்திலேயே எட்டாகும், பிறகு இரண்டாகும். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் இரண்டாம் பாகத்தில், வந்தியத்தேவன் கோடிக்கரையில் இருந்து இலங்கைக்குப் படகேறும் இடத்தில் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். "பாதி படிச்சிருக்கேன்" என்பார்கள். அந்தப் பாதிதான் அடுத்த புத்தகத்தைத் தொடவிடாமல் தடுப்பது. முடிக்காத புத்தகம் அலமாரியில் கடன்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அந்த நாவல் ஏன் அவ்வளவு நீளம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950-ல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்தது அது. வாரத் தொடருக்கு ஒரு கட்டாயம் உண்டு. போன வாரம் தவறவிட்டவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு எடுத்துச் சொல்லும். ஆசிரியரே நடுவில் வந்து "நேயர்களுக்கு நினைவிருக்கலாம்" என்கிற தோரணையில் கைகொடுப்பார். அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி விழும், அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தி அந்தக் கொக்கியை அவிழ்க்கும். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்று நாலு வருடம் படித்தவர்களுக்கு இதெல்லாம் உதவி. ஒரே தொகுப்பாகப் படிக்கிறவருக்கு அதே விஷயம் மூன்று தடவை வரும். கை தேர்ந்த ஒருவர் சுருக்கும்போது முதலில் கத்தி வைப்பது இங்கேதான். கதைக்கும் சேதம் இல்லை, நடைக்கும் சேதம் இல்லை.

சுருக்கம் எங்கே ஏமாற்றும் என்பதற்கும் அதே நாவலின் முதல் அத்தியாயம் போதும். ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரை வழியாக வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கதைக்கு வேண்டியது இந்த ஒரு வரி. கல்கி அங்கே குதிரையை மெதுவாக நடக்கவிட்டு நம்மை ஏரியைப் பார்க்க வைக்கிறார். எழுபத்து நான்கு கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கரையில் பரிமாறப்படுகின்றன. இவ்வளவையும் "ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டமாக இருந்தது" என்று ஒரு சுருக்கம் கடந்துபோனால், அதில் கதை இருக்கும், சோழநாடு இருக்காது.

புத்தகக் கடையில் நின்றபடியே செய்து பார்க்கலாம் இந்தச் சோதனையை. முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். அந்தக் கணவாய்கள் இருக்கின்றனவா? இருந்தால் சுருக்கியவருக்கு எதை விடக்கூடாது என்று தெரிந்திருக்கிறது, வாங்கலாம். அடுத்து வரும் ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவ வாக்குவாதத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நம்பியின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வழி இந்தச் சுருக்கப் பதிப்புதான் என்றாலும், அந்தப் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, ஆசிரியரின் வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு இடையிடையே வெட்டியது. இன்னொன்று, வேறொருவர் தன் வார்த்தையில் கதையைச் சொல்லிக்கொண்டு போவது. இரண்டுக்கும் அட்டை ஒரே மாதிரி இருக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் இந்தக் குழப்பம் கூடுதல். உரையாடல்களைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் பாத்திரங்கள் பேசுகிறார்களா, அல்லது "அவன் அவளிடம் தன் வருத்தத்தைத் தெரிவித்தான்" என்று போகிறதா? இரண்டாவது மாதிரி இருந்தால் அது கதைச்சுருக்கம். சுருக்கியவர் பெயர் தலைப்புப் பக்கத்தில் இல்லாத புத்தகத்தை நான் தொடுவதில்லை. தன் பெயரைப் போடத் துணியாதவர் எதை வெட்டினார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாயிரம் பக்கம் நானூறு, ஐந்நூறாக வந்தால் மனிதர்கள் பிழைப்பார்கள். நூற்றிருபது பக்கமாக வந்தால் யார் யாரைக் கொன்றார் என்பது மட்டும் மிஞ்சும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவாக இருந்தால் மட்டமாக இருக்கும் என்ற நினைப்பு நம் பக்கத்தில் செல்லாது. 1939-ல் 'சக்தி' இதழைத் தொடங்கிய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். குறளையும் பாரதியையும் மலிவுப் பதிப்பாகப் போட்டு எளியவர் கைக்குக் கொண்டுபோனவர். மலிவாகவும் ஒழுங்காகவும் செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது வழி மறுகூறல். இதில் கம்பனைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், தொடும்போது ஜாக்கிரதையாகவும் இருக்க வேண்டும். அதே 1939-ல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு "கம்பனைச் சுருக்கமாகப் படியுங்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. ராமன் கதை தெரிய வேண்டும் என்றால் ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' இருக்கிறது. 1958-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் உரைநடை. ஆனால் அவர் பெரும்பாலும் வால்மீகியின் வழியில் போகிறவர், கம்பனை அங்கங்கே ஒப்பிட்டுக் காட்டுவார். அதைப் படித்துவிட்டுக் கம்பனைப் படித்தேன் என்று சொல்ல முடியாது.

கம்பன்தான் வேண்டும் என்றால் உரைநடைச் சுருக்கம் எதுவும் வேண்டாம். பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம், பாட்டை உரைநடை ஆக்கக்கூடாது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் ரசிகமணி டி.கே.சி. தனக்குக் கம்பன் வாக்கு என்று பட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பதிப்பித்தார். மற்றதெல்லாம் இடைச்செருகல் என்று ஒரே போடாகப் போட்டார், சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். புலவர்கள் சும்மா விடவில்லை, விட்டிருக்கவும் கூடாது. பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதிப்பு உதவாது. ஆனால் பாட்டை எப்படி ரசிப்பது என்று பழக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு போவது போன்ற சுகம் வேறெதிலும் இல்லை. அவர் தள்ளிய பாட்டுகளில் நல்லதும் உண்டு என்பதைப் பிறகு கம்பன் விழாப் பேச்சுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிறமொழி நாவல்களில் எனக்குத் தயக்கமே இல்லை, முதல் வாசிப்புக்குச் சுருக்கம்தான். விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ல' 1862-ல் வந்தது. முதல் பாகத்தில் ழான் வல்ழானோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் போய்க்கொண்டிருப்போம். இரண்டாம் பாகம் திறந்தால் வாட்டர்லூ போர், பத்தொன்பது அத்தியாயம். கதைக்கு அதில் வேண்டியது கடைசியில் வரும் ஒரு சின்னச் சம்பவம். பின்னால் பாரீசின் சாக்கடைகளின் சரித்திரம் வேறு. பெரிய எழுத்துதான், மறுக்கவில்லை. இரண்டாம் தடவை படிக்கும்போது அதற்காகவே படிக்கலாம். சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழைபடும் பாடு' என்று தமிழாக்கினார், 1950-ல் அது படமாகவும் வந்தது. நம் அப்பச்சிமார்களில் பலர் அந்தக் கதையை அறிந்தது அந்த வழியில்தான். அவர்களில் யாரும் வாட்டர்லூவைக் காணோம் என்று வருந்தி நான் கேட்டதில்லை.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குச் செட்டிநாட்டில் கிடைக்கிற ஒரு தனி வசதி உண்டு. ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனம் 1950 முதல் 1997 வரை 'கண்டென்ஸ்டு புக்ஸ்' என்று ஒரு வரிசை வெளியிட்டது. ஒரு கெட்டி அட்டைத் தொகுதிக்குள் நாலைந்து நாவல், ஒவ்வொன்றும் சுருக்கிய வடிவில். வெளிநாட்டில் தொழில் பார்த்தவர்கள் வீட்டு அலமாரிகளில் இவை இருந்தன. பங்கு பிரிக்கும்போது வெள்ளியும் பித்தளையும் பிரியும், இவற்றை யாரும் கேட்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவில் இந்த மாதிரித் தொகுதிகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். முதுகு அட்டையின் நிறம் பார்த்து ஹோட்டல் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறவர்களை முந்திக்கொள்ள வேண்டும்.

இவற்றைச் சுருக்கியவர்கள் அதையே வேலையாகக் கொண்ட பத்திரிகை ஆசிரியர்கள். ஆசிரியரின் வாக்கியம் பெரும்பாலும் ஆசிரியருடையதாகவே இருக்கும். ஓட்டம் தடைப்படாது. குறை என்ன என்றால், குடும்பத்தில் எல்லாரும் படிக்கலாம் என்பதற்காக முரட்டு இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி விடுவார்கள். துப்பறியும் கதைக்கும் கடல் பயணக் கதைக்கும் அது பரவாயில்லை. மனித மனசின் இருட்டைத் தோண்டும் நாவல் அந்தத் தேய்ப்பில் சோகையாகிவிடும். இன்னொன்று, ஒரே தொகுதியில் நாலு நாவல் இருப்பதால் ஒன்று பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் அடுத்ததற்குத் தாவலாம். பழக்கம் விட்டுப்போனவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிய உதவி.

(பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடி அலைகிறவர்களுக்கு ஒரு தகவல். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் எல்லாம் சேர்த்த தொகுப்பு அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குப் போய், 1994 முதல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. கோட்டையூரில் தேடாதீர்கள்.)

சுருக்கத்துக்கு உண்மையான போட்டி என்று நான் நினைப்பது நாலாவது வழியை. எதையும் வெட்ட வேண்டாம், சின்னதாகவே எழுதப்பட்டதைப் படிப்போம் என்பது. சிறுகதைத் தொகுப்பும் குறுநாவலும். தமிழில் சிறுகதைக்குப் பஞ்சமே இல்லை, எழுத்தாளன் எழுதியது எழுதியபடி கிடைக்கும், ஒரு கதை அரை மணியில் முடியும். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சிறுகதைக்குள்ளும் புதிதாக நுழைய வேண்டும். யார், எங்கே, என்ன என்று பிடிபடுவதற்கே இரண்டு பக்கம் ஆகும், பிடிபட்ட கொஞ்ச நேரத்தில் கதை முடிந்துவிடும், நல்ல கதை என்றால் அடுத்ததைப் படிக்க விடாமல் மனசைக் கலக்கியும் விடும். கவனம் சிதறிப்போன மனசுக்கு அந்த நுழைவுதான் கஷ்டம். நாவலில் ஒரு தடவை நுழைந்தால் போதும், அதன் பிறகு "அப்புறம் என்ன ஆச்சு" என்பது இழுத்துக்கொண்டு போகும். சுருக்கம் இந்த இழுப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. ஆகவே சிறுகதைகளை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஏற்கெனவே கவிதையோ கட்டுரையோ விடாமல் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒலிப்புத்தகம் கார் ஓட்டுகிறவர்களுக்கும் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் நல்லது. கேட்டுப் பழகியவர்கள் மறுபடி அச்சுக்கு வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. படக்கதை தனி இன்பம், இந்தக் கணக்கில் சேராது.

எதைச் சுருக்கமாகப் படிக்கவே கூடாது? தன்வரலாறு, பயண நூல், நகைச்சுவை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 122 அத்தியாயம். ஆனந்த விகடனில் 1940-ல் தொடங்கி 1942-ல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது. அதில் "முக்கிய நிகழ்ச்சிகள்" என்று எடுத்துக் கோத்தால் ஏடு தேடிய பட்டியல் மிஞ்சும். ஒரு ஊரில் யார் சோறு போட்டார்கள், அங்கே யார் எந்த ராகத்தில் பாடினார்கள், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எந்த நேரத்தில் பாட்டுச் சொல்லி எழுதவைப்பார் என்பது போன்றவற்றை வெட்டினால் அந்தப் புத்தகத்தைப் படிப்பதில் பொருளே இல்லை. இப்படிப்பட்டதை நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று முழுசாகவே படிக்கலாம். பிடித்துத் தள்ளும் கதை இல்லாததால் நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் நஷ்டம் இல்லை.

எப்போது தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் திருக்கார்த்திகையைச் சொல்வேன். அன்றிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை இருபத்தொரு நாள். நோன்புக்கு நாளைக்கு ஒரு நூல் இழை எடுத்து வைக்கிற வீட்டில், நாளைக்கு இருபது பக்கமும் சேர்ந்து போனால் நானூறு பக்கச் சுருக்கம் ஒன்று இழை எடுக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். இழை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை வையுங்கள், போனை முகப்பில் வையுங்கள்.

அதிகாலைப் பல்லவன் ரயிலில் மாதம் இரண்டு தடவை சென்னை போய் வருகிறவர் என்றால் முழு நாவலையே தைரியமாக எடுக்கலாம். ஒரு பயணத்தில் அரைப் பாகம் ஓடிவிடும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்குச் சுருக்கம், ஆனால் அடியில் கேள்வி இல்லாத சுருக்கம். முடித்த பிறகு "கதையைச் சொல்லு" என்று யாரும் கேட்கவும் வேண்டாம்.

அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ வாங்குவதானால் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத்தின் அளவைப் பாருங்கள். மலிவுச் சுருக்கங்களில் சில, பக்கத்தை மிச்சம் பிடிக்க எழுத்தையும் சேர்த்துச் சுருக்கியிருக்கும், இரண்டு வரிக்கு நடுவே விரல் நுனிகூட நுழையாது. அந்த மாதிரி இருந்தால் முழு நாவலின் முதல் பாகத்தை மட்டும் பெரிய எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். அடுத்த பாகம் வேண்டுமா என்று அவர்களே சொல்லியனுப்புவார்கள்.